தோளுக்குச் சுமையாகாத காமிரா

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வாழும் நம் இல்லங்களில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன மகன், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், "நல்ல காமிரா ஒன்று வாங்கலாமா, அத்தா?" என்று கேட்கிறான். கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் அந்த ஆசை இருக்கிறது. விடுமுறை நாளில் நண்பர்களோடு கோட்டை மலையேறுவதும், ஊர் ஊராக நடந்து பழங்கற்களைத் தேடிப் பார்ப்பதும் இளைஞர்களிடையே பரவி வரும் நல்ல பழக்கங்கள். பார்த்ததைப் படமாக்கி வைக்க விரும்புவதும் இயல்பே.

ஆனால் கடைக்குச் சென்றால் என்ன நடக்கிறது? எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம், எந்தக் கம்பெனி என்பவற்றைப் பற்றித்தான் பேச்சு. "இதன் எடை எவ்வளவு?" என்று கேட்பவர் அரிது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பெரிய காமிரா, முதல் மாதம் தோளில் தொங்கும். இரண்டாம் மாதம் பெருநாளன்று மட்டும் வெளியே வரும். ஆறாம் மாதம் அலமாரியில் துணிகளுக்கு அடியில் உறங்கும். நம்மில் எத்தனை வீடுகளில் இப்படி ஒரு காமிரா உறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இக்கட்டுரை எடையையே முதற்கேள்வியாக எடுத்துக்கொள்கிறது. எந்தக் காமிராவை நீங்கள் சலிப்பின்றி நாள் முழுதும் சுமப்பீர்களோ, அதுவே உங்களுக்கு உகந்த காமிரா. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாட்டு வண்டியில் வந்த காமிரா

காமிராவின் மூலத் தத்துவத்தை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைஸம் என்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளி வெளிக்காட்சியை எப்படி உள்ளே விழச் செய்கிறது என்பதை அவர் சோதனைகளால் விளக்கினார். அன்று காமிரா என்பது ஓர் அறை. அந்த அறை சுருங்கிச் சட்டைப் பைக்குள் அடங்கிய வரலாறே நாம் பேச வந்த பொருளின் வரலாறு.

அவ்வரலாற்றில் நம் வட்டாரத்திற்கும் ஒரு பக்கம் உண்டு. 1856ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு, கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரியை அரசின் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் அடுத்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய நெடும்பயணத்தில் எடுத்த படங்களிலிருந்து 1858இல் வெளிவந்த தொகுப்புகளுள் ஒன்று, இராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் பற்றியது. ஆம், பேருந்திலிருந்து நீங்கள் பார்க்கும் அதே இராயக்கோட்டை மலைதான்!

அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவ் ஒவ்வொன்றும் ஓர் அடிக்கும் மேல் நீளமானது. அதை ஏற்கும் மரக் காமிரா, கனத்த முக்காலி, இரசாயனப் புட்டிகள், தண்ணீர், கூடாரம் ஆகிய அனைத்தும் மாட்டு வண்டிகளில் வந்தன. உதவியாளர்களும் உடன் வந்தனர். அரசாங்கத்தின் செலவில், அரசாங்கத்தின் ஆட்களோடு வந்தால்தான் ஒரு மலையைப் படமெடுக்க முடியும் என்ற நிலை அன்று. செலவு மிகுதி என்று 1860இல் அந்தப் பணியே நிறுத்தப்பட்டது. இன்று இராயக்கோட்டையில் வாழும் ஒரு மாணவி தன் பையிலிருக்கும் 250 கிராம் கருவியால் அதே வேலையைச் செய்ய முடியும்.

இடையில் இந்தச் சுமையைக் குறைத்தவர் யார்? ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக். மலைநாடுகளில் நடந்து படமெடுப்பதில் ஆர்வம் கொண்டவர் அவர். ஆனால் ஆஸ்துமா நோயாளி. கண்ணாடித் தகடுகளையும் பெரிய காமிராவையும் சுமந்து ஏற அவரால் இயலவில்லை. சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மி.மீ. பிலிமில் சிறு நெகட்டிவ் எடுத்து, பின்னர் அதைப் பெரிதாக்கிக் கொள்ளலாம் என்று எண்ணி, 1914 வாக்கில் உள்ளங்கையில் அடங்கும் மாதிரிக் காமிராவைச் செய்தார். அதிலிருந்து பிறந்த லைக்கா 1925இல் லைப்சிக் சந்தையில் மக்கள் முன் வைக்கப்பட்டது. சிறு காமிரா என்பது மூச்சுத் திணறிய ஒரு நடைப்பயணியின் தேவையில் பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு 1972இல் ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம், பொறியாளர் யோஷிஹிஸா மைதானியின் வடிவமைப்பில், ஏறத்தாழ 510 கிராம் எடையுள்ள எஸ்.எல்.ஆர். காமிராவைக் கொண்டுவந்தது. பின்னாளில் ஓ.எம்.-1 என்று பெயர் பெற்ற அது வந்த பிறகு, பெரிதாக இருந்தால்தான் தரம் என்ற எண்ணம் தளர்ந்தது.

ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டுவதில்லை. 2002இல் டைட்டன் நிறுவனம் வெளியிட்ட 'எட்ஜ்' கைக்கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மி.மீ.; உள்ளிருக்கும் இயந்திரத்தின் தடிமன் 1.15 மி.மீ. மட்டுமே. ஒரு பொருளைச் சிறிதாக்குவது பெரிய உழைப்பு என்பதை இந்த ஊர் தன் கையாலேயே செய்து கண்டிருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும், காட்டுயிர்ப் படக்கலையில் பெரும் புகழ் பெற்றவருமான மா. கிருஷ்ணன் (1912-1996), பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். அதைக் கொண்டே யானைகளின் அரிய கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். வாழ்நாளையே அதற்கென ஒப்படைத்தவருக்கு அந்தச் சுமை தகும். வாரம் ஒரு நாள் நடப்பவருக்கும், சமையலறைக்கும் முற்றத்திற்குமிடையே குழந்தையின் சிரிப்பைப் பிடிக்க விரும்பும் தாய்க்கும் அது தகாது.

தண்ணீரால் அளந்து பாருங்கள்

எடையை உணர ஓர் எளிய வழி சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. காமிராவின் எடையைத் தண்ணீராக மாற்றிப் பாருங்கள்.

தொழில்முறைப் படக்காரர்கள் பெரிதும் பயன்படுத்திய கேனன் 5டி மார்க் 4 காமிரா, பேட்டரியும் கார்டும் சேர்ந்து 890 கிராம். அதன் 24-70 எஃப் 2.8 லென்ஸ் 805 கிராம். 70-200 எஃப் 2.8 லென்ஸ் 1480 கிராம். கூட்டினால் 3175 கிராம்; அதாவது மூன்று லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீர். சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரிக் கோட்டையின் செங்குத்தான பாறைப் படிகளில் ஏறும்போது, உங்கள் பையில் மூன்று லிட்டர் தண்ணீர் இருக்க வேண்டுமா, மூன்று கிலோ காமிரா இருக்க வேண்டுமா? தோள் இரண்டையும் தாங்காது. தாகத்தோடு ஏறுபவருக்குப் படமெடுக்கும் மனம் இராது, ஆபத்தும் உண்டு.

இதே பணியைச் செய்யும் இலகுவான தொகுதி ஒன்றைப் பாருங்கள். ஓ.எம்.-5 என்ற காமிரா பேட்டரி, கார்டுடன் 414 கிராம். அதற்கான 14-42 மி.மீ. மெல்லிய லென்ஸ் 93 கிராம், 40-150 மி.மீ. தொலைநோக்கு லென்ஸ் 190 கிராம். மூன்றும் சேர்ந்து 697 கிராம். மிச்சப்படும் எடையில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் தண்ணீர் கொண்டு போகலாம்.

எடை எங்கிருந்து வருகிறது?

பலர் காமிராவின் உடலை மட்டும் கையில் தூக்கிப் பார்த்து, "அட, இலகுவாக இருக்கிறதே" என்று வாங்கிவிடுகிறார்கள். உண்மையில் எடை பெரும்பாலும் லென்ஸில் இருக்கிறது. சோனி ஏ7சி என்ற காமிரா 509 கிராம்தான். அதனுடன் முதலில் வந்த வகை 24-70 எஃப் 2.8 ஜி-மாஸ்டர் லென்ஸைப் பொருத்தினால், லென்ஸ் மட்டும் 886 கிராம். மொத்தம் 1395 கிராம் ஆகிவிடும்.

காரணம் இதுதான். பழைய பிலிமின் இடத்தில் இன்று ஒளியைப் பதிவது சென்சார். சென்சார் பெரிதானால் அதன் பரப்பு முழுவதும் ஒளியைப் பரப்ப லென்ஸும் பெரிதாக வேண்டும். முழு அளவுச் சென்சார் 36 x 24 மி.மீ. ஏ.பி.எஸ்.-சி எனப்படுவது ஏறத்தாழ 23.5 x 15.6. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பது 17.3 x 13. முழு அளவின் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு. சட்டைப் பைக் காமிராக்களில் வரும் ஓர் அங்குல வகை 13.2 x 8.8, ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

சென்சார் சிறிதானால் இழப்பு என்ன? முக்கியமாக, மங்கிய வெளிச்சத்தில் படத்தில் புள்ளிகள் மிகும். முகத்தைத் தெளிவாகவும் பின்னணியை மங்கலாகவும் காட்டுவதும் சற்றுக் குறையும். பகலொளியில் எடுத்து, வீட்டு ஆல்பத்தில் ஒட்டும் அளவுக்கு அச்சிட்டால் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எளிதன்று. இரவுத் திருமணங்களைத் தொழிலாகப் படமெடுப்பவருக்குப் பெரிய சென்சார் தேவை. மலைக்கும் தெருவுக்கும் வீட்டுக்கும் படமெடுப்பவருக்கு நடுத்தரச் சென்சாரே போதுமானது.

முதலில் வழியைத் தேர்ந்தெடுங்கள்

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன், எங்கே, எதற்காக நடக்கப் போகிறீர்கள் என்று தெளிவு கொள்ளுங்கள். நம் வட்டாரத்தில் இதை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, கோட்டை மலைகள். சையத் பாஷா மலை என்று நாம் அழைக்கும் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையை 1791இல் ஆங்கிலேயப் படை தாக்கியும் மேற்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. அத்துணைச் செங்குத்து! இங்கே இரு கைகளும் படிக்கும் பாறைக்கும் வேண்டும். உச்சியிலிருந்து விரிந்த காட்சிகள் கிடைக்கும். ஆகவே அகலப் பார்வை கொண்ட ஒரே சிறு லென்ஸ் போதும்.

இரண்டாவது, தொன்மைத் தடங்கள். சூளகிரி அருகே மல்லசந்திரத்தில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் நிற்கின்றன. மாவட்டமெங்கும் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் உள்ளன. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்வதாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. இத்தகைய இடங்களில் கல்லின் மீதுள்ள சிற்பத்தையும் எழுத்தையும் தெளிவாகப் பதிவதே நோக்கம். அருகில் சென்றும் எடுக்கவல்ல லென்ஸும், காலை மாலைச் சாய்வெயிலுக்காகக் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். நண்பகல் வெயிலில் எழுத்து தெரியாது. பக்கவாட்டு ஒளியில் எழுந்து நிற்கும்.

மூன்றாவது, காட்டுப் பாதைகள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. இங்கே நினைத்தபடி நுழைவது குற்றம். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் முதற்கட்டமாகத் திறக்கப்பட்ட 40 பாதைகளுள் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாதைகளும் உண்டு. முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் செல்ல வேண்டும். பறவைகளையும் விலங்குகளையும் தொலைவிலிருந்து எடுக்க நீண்ட லென்ஸ் தேவைப்படுவது இங்கு மட்டுமே.

நான்காவது, அன்றாட வாழ்க்கை. ஷிப்டு முடிந்து வெளிவரும் தொழிலாளர் கூட்டம், பூச்சந்தை, மாம்பழ மண்டி, நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரத்துடன் நிற்கும் சிறுவர்கள், திண்ணையில் அமர்ந்திருக்கும் நன்னிமா. இதற்குக் காமிரா எப்போதும் உடன் இருக்க வேண்டும். சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அடங்க வேண்டும்.

உங்களுக்கு உரியது எது?

கையிலிருக்கும் செல்போனையே முதலில் எண்ணுங்கள். சுமார் 200 கிராம் எடையுள்ள அது எப்படியும் உங்களுடன் வருகிறது. நல்ல வெளிச்சத்தில் அதன் படங்கள் குறை சொல்ல முடியாதவை. ஆறு மாதம் அதைக் கொண்டே ஒழுங்காகப் படமெடுத்துப் பழகுங்கள். எந்த இடத்தில் அது போதாமற் போகிறது என்று குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பே நீங்கள் வாங்க வேண்டிய காமிராவைச் சொல்லிவிடும். குறை ஒன்றும் தெரியவில்லையென்றால் பணம் மிச்சம்.

அடுத்த படி, லென்ஸ் மாற்ற முடியாத சிறு காமிரா. 2019இல் வந்த ரிக்கோ ஜி.ஆர். 3, பேட்டரியும் கார்டும் சேர்ந்து 257 கிராம். ஏ.பி.எஸ்.-சி சென்சார் கொண்டது. படத்தின் தரம் உயர்ந்தது. ஆனால் ஜூம் இல்லை. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இல்லை. பேட்டரி ஒரு முறைக்கு ஏறத்தாழ 200 படங்களே தாங்கும். அதே ஆண்டு வந்த சோனி ஆர்.எக்ஸ்.100-7, 302 கிராம். சென்சார் சிறியது, ஆனால் அகலப் பார்வையிலிருந்து 200 மி.மீ. அளவுவரை ஜூம் செல்லும். ஒன்றில் தரம், மற்றொன்றில் வசதி. உங்கள் நடைக்கு எது வேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

மூன்றாவது, லென்ஸ் மாற்றக்கூடிய மிர்ரர்லெஸ் வகை. நிக்கான் இசட்50, 450 கிராம். அதன் 16-50 மி.மீ. லென்ஸ் 135 கிராம். இரண்டும் சேர்ந்து 585 கிராம். 50-250 மி.மீ. லென்ஸையும் சேர்த்தால் 990 கிராம். ஒரு கிலோவுக்குள் மலையும் பறவையும் அடங்கிவிடுகின்றன. காட்டில் இன்னும் தொலைவு எட்ட விரும்புபவர்க்கு, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 423 கிராம் எடையுள்ள 75-300 மி.மீ. லென்ஸ் உண்டு, அந்தச் சிறு சென்சாரில் அது முழு அளவுக் காமிராவின் 600 மி.மீ. லென்ஸுக்கு நிகரான தூரத்தைக் காட்டும்.

நான்காவது, பழைய டி.எஸ்.எல்.ஆர். காமிரா. இது ஏற்கெனவே வீட்டில் உறங்குகிறதென்றால் விற்றுவிட அவசரப்பட வேண்டாம். அதிலிருக்கும் பெரிய ஜூம் லென்ஸைக் கழற்றிவிட்டு, ஒரு சிறு லென்ஸைப் பொருத்திப் பாருங்கள். கேனனின் 24 மி.மீ. எஃப் 2.8 மெல்லிய லென்ஸ் 125 கிராம்தான்; 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம். ஒரு கனத்த காமிரா புது உயிர் பெறுவதைக் காண்பீர்கள். புதிதாக வாங்கும் செலவும் மிச்சம்.

இங்கு கூறிய பெயர்கள் எடுத்துக்காட்டுகளே. ஒரு வரம்பை மட்டும் மறவாதீர்கள்: அன்றாடத்திற்கு 300 கிராம், ஒரு நாள் நடைக்கு 700 கிராம், தொலைநோக்கு லென்ஸுடன் ஒரு கிலோ. இதைத் தாண்டும் எதையும் வாங்கும் முன், அதே எடையுள்ள தண்ணீர்ப் பாட்டில்களைப் பையில் போட்டு இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள்.

வாங்கும்போது கவனம்

பெங்களூர் அருகிலிருப்பதால் நம் பகுதியினர் பழைய காமிராக்களை அங்கே தேடுவதுண்டு. அதில் தவறில்லை. ஆனால் லென்ஸின் ஒருபுறம் டார்ச் ஒளியைப் பாய்ச்சி மறுபுறமிருந்து பாருங்கள். சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டு போட்டுப் பத்துப் படமாவது எடுத்துப் பாருங்கள். இரசீது இல்லாத பொருளைத் தொடாதீர்கள். அது திருட்டுப் பொருளாக இருக்கக்கூடும். அந்தக் கம்பெனிக்குப் பழுது பார்க்கும் இடம் எட்டும் தூரத்தில் உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

பெற்றோர்க்கு ஒரு சொல். "மாதா மாதம் கட்டிவிடலாம்" என்று வட்டித் தவணைக்கு இழுக்கும் விளம்பரங்கள் இளைஞர்களைச் சூழ்ந்திருக்கின்றன. பொழுதுபோக்குப் பொருளுக்காக வட்டியில் விழ வேண்டுமா? சேமித்து வாங்கட்டும், அல்லது பழையதைக் கொண்டு தொடங்கட்டும். இலகுவான காமிராவைத் தேடுபவர் பெரும்பாலும் செலவிலும் இலகுவாகவே முடிப்பார் என்பது இதில் ஒரு நன்மை.

சிறு பொருள்கள், பெரிய சுமை

காமிராவில் மிச்சம் பிடித்த எடையைத் துணைப் பொருள்களில் இழந்துவிடுவோர் உண்டு. முக்காலி வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி கேட்பார்கள். அதற்குப் பதிலாக, கெட்டித் துணியில் உள்ளங்கையளவு பை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். வெறும் பையாகக் கொண்டு சென்று, அங்கே மணலை நிரப்பிப் பாறை மீது வைத்தால் காமிரா அசையாமல் நிற்கும். திரும்பும்போது மணலைக் கொட்டிவிடலாம்.

கழுத்தில் தொங்கும் காமிரா ஒவ்வோர் அடிக்கும் நெஞ்சில் இடித்துக் கழுத்தை வலிக்கச் செய்யும். மார்புக்குக் குறுக்கே நீண்ட வாரில் மாட்டுங்கள். அல்லது இடுப்புப் பையில் வையுங்கள். கனத்த பிரத்தியேகக் காமிராப் பையும் தேவையில்லை. பழைய துண்டில் சுற்றிச் சாதாரணத் தோள்பையில் வைத்தால் போதும். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, ஒரு மாற்றுப் பேட்டரி, ஒரு மாற்றுக் கார்டு, லென்ஸ் துடைக்க மெல்லிய பருத்தித் துணி. இவ்வளவே.

வீட்டுக்கு வந்ததும் காமிராவைத் தோல் உறையில் அடைத்து வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் வைத்து, வாரம் ஒரு முறை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். பயன்பாடே அதற்குச் சிறந்த பாதுகாப்பு.

கருவி சிறிது, பொறுப்பு பெரிது

சிறு காமிரா யார் கண்ணிலும் படாது என்பது வசதி. அதுவே சோதனையும்கூட. பிறர் இல்லத்துப் பெண்களையோ, துயரத்திலிருப்பவரையோ, வேலை செய்யும் ஏழையையோ அனுமதியின்றிப் படமெடுப்பது பண்பாகாது. எடுத்தபின் வாட்ஸ்அப்பில் பரப்புவது அதனினும் கொடிது. கேட்டு எடுங்கள், மறுத்தால் புன்னகையோடு விலகுங்கள். எடுத்த படத்தின் பிரதி ஒன்றை அவருக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்த மகிழ்ச்சி வேறு. தொழிற்சாலை வளாகங்களிலும் அணைக்கட்டுகளிலும் அறிவிப்புப் பலகையைப் படித்து நடங்கள்.

கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைகள் கூட்டமாக நம் எல்லைக் கிராமங்களுக்கு வருவது ஆண்டுதோறும் நிகழ்வது. கையில் செல்போனும் சிறு காமிராவும் இருப்பதால் கிட்டே போய் எடுக்கத் துணிவது உயிருக்கு ஆபத்து. யானை மிரண்டு ஓடினால் பாதிக்கப்படுவோர் வயலில் நிற்கும் விவசாயிகளே. தொலைநோக்கு லென்ஸ் இல்லையேல் அந்தப் படம் உங்களுக்கு உரியதன்று என்று விட்டுவிடுங்கள்.

எதற்காக இவ்வளவும்?

டிரைப் எடுத்த படங்களால் 1858க்கு முந்தைய இராயக்கோட்டையின் தோற்றத்தை உலகம் இன்றும் காண்கிறது. அதற்குப் பிந்தைய நம் ஊரின் தோற்றத்தை யார் பதிந்து வைக்கப் போகிறார்கள்? நம் மாவட்டத்துப் பாறைக் குன்றுகள் பல கிரானைட்டுக்காக அறுக்கப்படுகின்றன. வயல்கள் மனைகளாகின்றன. ஏரிக்கரை நடுகல் சாலைப் பணியில் புதைந்து போகலாம். ஓடு வேய்ந்த பழைய வீடுகள் இடிபட்டு மாடிகள் எழுகின்றன. அவற்றின் நினைவுகளைச் சொல்லவல்ல பெரியவர்களும் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள். இவற்றைப் பதிவது இனி அரசாங்கப் படக்காரரின் வேலை மட்டுமன்று. மாட்டு வண்டியும் பரிவாரமும் வேண்டாதபோது, ஒவ்வொரு குடும்பத்தாலும் அது இயலும்.

ஆனால் எடுத்ததைக் காப்பாற்றவும் வேண்டும். செல்போன் தொலைந்தால், கார்டு கெட்டால் பத்தாண்டு நினைவுகள் ஒரே நாளில் போய்விடும். ஆகவே மூன்று பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள்: கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறோர் உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. மாதம் ஒரு முறை சிறந்த பத்துப் படங்களைத் தேர்ந்து ஸ்டூடியோவில் அச்சிடுங்கள். பின்புறத்தில் இடம், தேதி, படத்திலுள்ளோர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் மென்மையாக எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறையில் அந்நியர் படமாகிவிடும். நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில் "இது யார்?" என்று கேட்டு விடை கிடைக்காத முகங்கள் எத்தனை!

அன்புச் சகோதர சகோதரிகளே! வரும் விடுமுறை நாளில் உங்கள் பையைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். வேண்டாததை எடுத்து வையுங்கள். தண்ணீரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இராயக்கோட்டைக்கோ, சையத் பாஷா மலைக்கோ காலையிலேயே புறப்படுங்கள். திரும்பி வந்து, திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் அவர் இளமையில் கண்ட மலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே, அவர் சம்மதத்துடன் ஒரு படம் எடுங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்து உங்களுக்காகத் துஆச் செய்வார்கள்.